பிழைச்செய்தியும் நிரலின் ஒரு பகுதியே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களில் நிரலாக்கக் கல்வி பற்றியும், எந்தக் கணினி மொழியைக் கற்றால் எந்த வேலைக்குப் போகலாம் என்பது பற்றியும் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். அவற்றில் இடம்பெறாத, ஆனால் கணினி கற்கும் ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் எதிர்கொள்கிற ஒன்றைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். சுட்டியோ பொத்தான்களோ இல்லாமல், டெர்மினல் எனப்படும் எழுத்துத்திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்குகிற கட்டளைவரிக் கருவிகள், தவறு நேரும்போது பயனரிடம் என்ன சொல்கின்றன, உதவி கேட்டால் எப்படி விடையளிக்கின்றன என்பதே அது. பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆய்வகம் என்று நடப்பது பெரும்பாலும் இந்தத் திரைக்கு முன்னால்தான் நடக்கிறது. இணையத்தைத் தாங்கி நிற்கும் சர்வர்களை நிர்வகிப்பவர்களின் வேலையும் இதிலேயே நடக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். ஒரு நிரல் தன் வேலையை முடிக்க முடியாமல் நிற்கும்போது, எந்தக் கோப்பைத் திறக்க முயன்றது, எந்த மதிப்பை எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது, எந்த இடத்தில் தடைபட்டது என்ற விவரங்கள் பெரும்பாலும் அதன் கைவசமே இருக்கின்றன. அவ்வளவையும் வைத்துக்கொண்டு, பயனரிடம் பொதுவான ஒரே ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுவது குறைபாடுள்ள நிரலின் அடையாளம். விண்ணப்பத்தில் என்ன குறை என்று எழுதாமல் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை மட்டும் குத்தித் திருப்பியனுப்பும் அலுவலகத்தை நாம் ஏற்பதில்லை; ஒரு நிரலிடமிருந்து அதே நடத்தையை ஏற்றுக்கொள்ள மட்டும் மாணவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நுண்செயலி ஆய்வகங்களில் பல ஆண்டுகளுக்கு முன் 32 பிட் கணினிகளுக்காகத் தொகுக்கப்பட்ட நிரல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அப்படிப்பட்ட ஒன்றை, 32 பிட் ஆதரவு நிறுவப்படாத 64 பிட் லினக்ஸ் கணினியில் ஒரு மாணவர் இயக்கிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டச்சிட்ட கட்டளைகளை வாங்கி இயக்கும், பாஷ் எனப்படும் ஷெல், நீண்டகாலமாக இதற்குக் கொடுத்துவந்த விடை, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்பது. அதாவது, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்பது. ஆனால் கோப்பு அங்கேயே இருக்கிறது. எல்எஸ் கட்டளை அதைப் பட்டியலில் காட்டுகிறது; அதன் அளவு, தேதி எல்லாம் சரியாக இருக்கின்றன. மாணவர் பெயரை மீண்டும் தட்டச்சிடுகிறார், கோப்பை மறுபடியும் படியெடுக்கிறார், அனுமதிகளை மாற்றுகிறார். உண்மையில் காணாமல் போனது வேறொரு கோப்பு. இத்தகைய நிரல், தன்னை நினைவகத்தில் ஏற்றித் தரவேண்டிய ஒரு துணைநிரலின் பெயரைத் தனக்குள்ளேயே குறித்துவைத்திருக்கிறது. அந்தத் துணைநிரல்தான் இக்கணினியில் இல்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னல், 'இல்லை' என்பதற்குரிய 2 என்ற எண்ணை மட்டும் ஷெல்லிடம் திருப்பித் தருகிறது. எது இல்லை என்பது அந்த எண்ணில் அடங்கவில்லை. ஷெல் அந்த எண்ணுக்கு உரிய வழக்கமான வாக்கியத்தை எடுத்து, மாணவர் தட்டச்சிட்ட பெயரின் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. இரண்டு பாதி உண்மைகள் சேர்ந்து ஒரு முழுப் பொய்யாகிவிடுகின்றன.

2022-ல் வெளிவந்த பாஷ் 5.2 பதிப்பில் இந்தச் செய்தி மாற்றப்பட்டது. 'இயக்க முடியவில்லை, தேவையான கோப்பு கிடைக்கவில்லை' என்ற பொருளில் இப்போது அது எழுதுகிறது. இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும் நிலை நீங்கியது என்ற அளவில் இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும், தேவையான அந்தக் கோப்பு எது என்று இன்னும் அது சொல்வதில்லை. நிரலின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிற ஒரு பெயரைப் படித்துக் காட்டினால் மாணவர் அடுத்த நிமிடமே எந்தத் தொகுப்பை நிறுவ வேண்டும் என்று தேடத் தொடங்கிவிடுவார்.

இதே வகையில் இன்னொன்று. வலைத்தளம் உருவாக்கும் மாணவர்கள் பயன்படுத்தும் சில கருவிகள், திட்டக் கோப்புறையில் உள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளில் எது மாறினாலும் உடனே அறிந்துகொள்ளும்படி அவற்றைக் கண்காணிக்கின்றன. ஒரு பயனர் எத்தனை கோப்புகளை இப்படிக் கண்காணிக்கலாம் என்பதற்கு லினக்ஸில் ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டும்போது கெர்னல் தரும் எண், வட்டில் இடம் தீர்ந்துபோனால் தரும் அதே எண். எனவே, கருவியை எழுதியவர் கவனம் எடுக்காவிட்டால், 'சாதனத்தில் இடம் இல்லை' என்ற செய்தி திரையில் வரும். வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே மாணவர்கள் படங்களையும் பழைய பாடக் கோப்புகளையும் அழிப்பார்கள். அழித்தும் பயன் இருக்காது. இங்கே நிரலாளருக்கு வழி இல்லாமல் இல்லை. கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் என்ற பழைய கருவி, இதே எண் வரும்போது அதன் பொதுவான வாக்கியத்தை எழுதாமல், கோப்பு கண்காணிப்புக்கான வளம் தீர்ந்துவிட்டது என்று தனியே சொல்கிறது. அதே கெர்னல், அதே எண். எழுதியவர் ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்து, அந்தச் சூழலுக்குப் பொருந்தும் வாக்கியத்தை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

இப்படிச் சுருக்கமாகப் பேசும் மரபுக்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸின் முன்னோடி இயங்குதளமான யுனிக்ஸைத் தொடங்கியபோது, கணினியின் விடைகள் திரையில் தோன்றவில்லை. தொலையச்சு இயந்திரத்தில் காகிதத்தில் அச்சாயின. அன்று பரவலாக இருந்த டெலிடைப் 33 இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகளை மட்டுமே அச்சிடும். 60 எழுத்துள்ள ஒரு வாக்கியத்துக்கு 6 நொடிகள் காத்திருக்க வேண்டும். ஆகவேதான் அக்காலத்தின் ஈடி என்ற உரைத்தொகுப்பி, எந்தத் தவறு நேர்ந்தாலும் ஒரேயொரு கேள்விக்குறியை மட்டும் அச்சிட்டது. அதன் இன்றைய வடிவமும் அவ்வாறே செய்கிறது. விளக்கம் வேண்டுமானால் அதற்கென ஒரு தனிக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதே மனிதர்கள்தான், 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட முதல் யுனிக்ஸ் கையேட்டில், ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்திலும் அது தரக்கூடிய பிழைச்செய்திகளுக்கு ஒரு பகுதியையும், அக்கட்டளையில் அறியப்பட்ட குறைகளுக்கு இன்னொரு பகுதியையும் ஒதுக்கினார்கள். தம் நிரலின் குறையைத் தாமே எழுதிவைக்கும் அந்த நேர்மை எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. இயந்திரத்தின் வேகக் குறைவால் பிறந்த சிக்கனத்தை மட்டும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த நேர்மையைக் கைவிட்டுவிட்டோம்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த நிலை சில இடங்களில் மாறியிருக்கிறது, அது எப்படி மாறியது என்பது நம் ஆசிரியர்களும் மென்பொருள் நிறுவனத்தார்களும் அறியத்தக்கது. எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர்களில் ஒன்றான, சி மொழிக்குரிய கிளாங், தவறு உள்ள வரியை அப்படியே காட்டி, தவறான இடத்துக்குக் கீழே ஒரு குறியும் இட்டுத் திருத்தத்தையும் பரிந்துரைக்கத் தொடங்கியபின், பழைய ஜிசிசி கம்பைலரும் 2013-ல் வந்த 4.8 பதிப்பில் அவ்வாறு வரியைக் காட்டத் தொடங்கியது. எல்ம் மொழியை உருவாக்கிய இவான் சாப்லிக்கி, 2015-ல் பிழைச்செய்திகளை முழு வாக்கியங்களாக, கற்பவருக்கு அருகில் அமர்ந்து சொல்வதுபோல மாற்றி எழுதினார். ரஸ்ட் மொழியினர் அதைப் பார்த்து, 2016-ல் தங்கள் கம்பைலரின் செய்தி வடிவத்தைப் புதிதாக அமைத்தனர். எல்மிடமிருந்து கற்றதை வெளிப்படையாகக் குறிப்பிடவும் செய்தனர். ரஸ்டில் பெரும்பாலான பிழைகளுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால், தவறான நிரலையும் திருத்திய நிரலையும் காட்டும் ஒரு சிறு பாடமே டெர்மினலில் விரிகிறது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறு. குழப்பமான பிழைச்செய்தியையே ஒரு பிழையாகப் பதிவுசெய்ய அத்திட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. தவறான நிரல்களை வேண்டுமென்றே கொடுத்து, வரும் செய்தி எதிர்பார்த்த வாசகத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சோதிக்கிறார்கள். செய்தி நன்றாக இருப்பது யாரோ ஒருவரின் நல்ல மனத்தைப் பொறுத்திராமல், வேலைமுறையின் பகுதியாகிவிட்டது.

நம் மாணவர்களுக்கு மிக நெருக்கமான பைத்தானையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் அதுவே பாடம். ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பழைய பதிப்புகள் பல சமயங்களில் அடுத்த வரியைச் சுட்டி, 'தவறான தொடரமைப்பு' என்று மட்டும் சொல்லும். மாணவர் தவறே இல்லாத வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு முதல், திறந்த அடைப்புக்குறியையே சுட்டி, இது மூடப்படவே இல்லை என்று சொல்கிறது. மாறியின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனால், நீங்கள் கருதியது இதுவா என்று சரியான பெயரைக் கேட்கிறது. 2022-ல் வந்த 3.11 பதிப்பு, ஒரு நீண்ட கணக்கீட்டு வரியில் எந்தத் துண்டு தோற்றது என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. பைத்தானிலிருந்து வெளியேற விரும்பி 'எக்ஸிட்' என்று தட்டச்சிட்டவரிடம், அடைப்புக்குறிகளையும் சேர்த்துத் தட்டச்சிடு என்று பல ஆண்டுகளாக அது அறிவுரை கூறிவந்தது. பயனர் கேட்பது என்ன என்பதைப் புரிந்துகொண்டபின்னும் செய்ய மறுத்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் அச்சொல்லைக் கேட்டவுடன் வெளியேறக் கற்றுக்கொண்டது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்னும் பழைய பதிப்புகளே நிறுவப்பட்டிருந்தால், அவற்றைப் புதுப்பிக்க இந்த ஒரு காரணமே போதும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் தொடங்கிய, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் கிட் என்ற கருவி, கற்பவர்களுக்குக் கடினமானது என்று பெயர் பெற்றது. அப்பெயர் காரணமில்லாமல் வரவில்லை. ஒரே 'செக்அவுட்' கட்டளை, கிளை எனப்படும், ஒரே நிரலின் தனி வளர்ச்சித் தடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கும் கோப்பில் செய்த மாற்றங்களைக் கைவிடுவதற்கும் பயன்பட்டதால் உழைப்பை இழந்தவர்கள் பலர். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் இவ்விரண்டு வேலைகளுக்கும் 'ஸ்விட்ச்', 'ரிஸ்டோர்' என்ற தனித்தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் பிழைச்செய்தி என்ற அளவில் கிட்டிடம் கற்க நிறைய இருக்கிறது. புதிய கிளை ஒன்றைச் சர்வருக்கு அனுப்ப முயலும்போது, இக்கிளைக்கு மறுமுனையில் இணை இல்லை என்று சொல்வதோடு நிற்காமல், உங்கள் கிளையின் பெயரையும் உள்ளிட்டு, அடுத்துத் தட்டச்சிட வேண்டிய முழுக் கட்டளையையும் எழுதிக் காட்டுகிறது. பயனர் அதை அப்படியே படியெடுத்து இயக்கலாம். நிலைமையைக் காட்டும் 'ஸ்டேட்டஸ்' கட்டளையும், ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் எதிரே, இதைத் திரும்பப் பெற இன்ன கட்டளை என்று குறிப்பிடுகிறது.

உதவிக்குறிப்புகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. கட்டளையோடு சேர்த்துத் தரும் விருப்பம் (ஆப்ஷன்) ஒன்றைத் தவறாகத் தட்டச்சிட்டால், தவறு எது என்ற ஒற்றை வரியை முதலில் எழுதி, அதன்பின் மூன்று திரை நீளத்துக்கு எல்லா விருப்பங்களையும் கொட்டும் கருவிகள் ஏராளம். படிக்க வேண்டிய வரி மேலே ஓடி மறைந்துவிடுகிறது. லினக்ஸில் பரவலாக உள்ள குனு திட்டத்தின் கருவிகளது வழக்கம் இங்கே பின்பற்றத்தக்கது: அறியாத விருப்பம் எது என்பதை ஒரு வரியில் சொல்லி, விவரத்துக்கு 'ஹெல்ப்' என்று கேட்கவும் என இன்னொரு வரியில் வழிகாட்டி நின்றுவிடுகின்றன. பயனர் தாமே உதவி கேட்டால் அது வழக்கமான வெளியீட்டில் வர வேண்டும். அப்போதுதான் அதைப் பக்கம் பக்கமாகப் படிக்கவோ அதற்குள் தேடவோ முடியும். பிழைச்செய்தி, பிழைகளுக்கென உள்ள தனித் தடத்தில் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த கருவிக்குத் தரவாகப் போய்ச் சேர்ந்து, வேறொரு புதிரை உண்டாக்கும். உதவிப் பக்கத்தில் அகரவரிசைப்படி விருப்பங்களை அடுக்குவதற்கு முன்பாக, பெரும்பாலோர் செய்ய விரும்பும் மூன்று நான்கு வேலைகளுக்கு முழுமையான எடுத்துக்காட்டுகளைத் தர வேண்டும். இந்தக் குறையை நிரப்பத்தான் தன்னார்வலர்கள் டிஎல்டிஆர் பக்கங்கள் என்ற திட்டத்தை நடத்துகிறார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் சில எடுத்துக்காட்டுகள் மட்டும் கொண்ட அப்பக்கங்களில் ஒரு பகுதி தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

மாணவர்கள் பிழைச்செய்திகளைப் படிப்பதே இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்கிறேன். இக்கருத்து முழுவதும் சரியானதல்ல. 2017-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவிகொண்டு ஆராய்ந்து, நிரல் எழுதுபவர்கள் கம்பைலரின் செய்திகளைப் படிக்கவே செய்கிறார்கள் என்றும், அவற்றைப் படிப்பது மூலநிரலைப் படிக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கிறது என்றும் வெளியிட்டார்கள். படித்தும் பயனில்லை என்று பலமுறை அறிந்தபின்தான் ஒருவர் படிப்பதை நிறுத்துகிறார். அதன்பின் அவர் செய்வது, செய்தியைப் படியெடுத்து இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ ஒட்டுவது. வட்டில் இடம் இல்லை என்ற பொய்யான செய்தியை ஒட்டினால், வட்டில் இடத்தை எப்படி உண்டாக்குவது என்ற விடையே அங்கிருந்தும் வர வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது என்பதை ஏற்கிறேன். உள்நுழையும் இடத்தில், பயனர் பெயர் தவறா கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொன்னால், அது ஊடுருவ நினைப்பவருக்கே உதவும். கடவுச்சொற்களையும் ரகசியச் சாவிகளையும் பிழைச்செய்தியில் அச்சிட்டால், அவை பதிவேடுகளில் தங்கி, பிறர் கைக்குப் போய்ச் சேரும். அனுபவமுள்ளவர்களுக்கு நீண்ட செய்திகள் இடையூறு என்ற வாதமும் உண்டு. சரியான கோப்பின் பெயரையும் சரியான காரணத்தையும் கொண்ட ஒரே வரி, அனுபவமுள்ளவருக்கும் தொடக்கநிலையாளருக்கும் ஒருசேரப் பயன்படும். அதற்கு மேற்பட்ட விளக்கத்தை, கேட்டால் தரும்படி அமைக்கலாம். நள்ளிரவில் சர்வர் நின்றுபோய், தொலைபேசியில் எழுப்பப்பட்ட ஒரு பொறியாளருக்குத் தெளிவான அந்த ஒரு வரியின் அருமை நன்றாகவே தெரியும்.

தமிழ்வழி மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடத்தைத் தமிழில் படிக்கும் மாணவர், பிழையை மட்டும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். பைத்தானின் பிழைச்செய்திகளை வேற்று மொழியில் பெறுவதற்கு அதில் ஏற்பாடு இல்லை. குனு கருவிகளில் கெட்டெக்ஸ்ட் என்ற வசதி வழியாக, செய்திகளைத் தனிக் கோப்பில் மொழிபெயர்த்து இணைக்கலாம். நம் ஊரில் புதிதாகக் கருவி எழுதுவோர் தொடக்கத்திலேயே இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டும். செய்தியைத் துண்டு துண்டாக ஒட்டாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும், ஏனெனில் ஆங்கிலத் துண்டுகளின் வரிசை தமிழ் வாக்கியத்துக்குப் பொருந்தாது. கூடவே ரஸ்டைப்போல ஒவ்வொரு பிழைக்கும் மாறாத எண் ஒன்றைத் தந்தால், செய்தியைத் தமிழில் படித்த மாணவரும், ஆங்கிலத்தில் படித்த நிர்வாகியும் ஒரே விளக்கத்தைச் சென்றடையலாம்.

இவற்றுக்கெல்லாம் தொடக்கம் கல்லூரி ஆய்வகத்தில் அமைய வேண்டும் என்பது என் கருத்து. நம் செய்முறைத் தேர்வுகளில், மாணவர் எழுதிய நிரலுக்குச் சரியான உள்ளீட்டைக் கொடுத்து, சரியான வெளியீடு வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறோம். எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்ப்பதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியை மதிப்பிடும்போதும் நூறு பக்க அறிக்கையைப் புரட்டுகிறோமே தவிர, கருவியிடம் ஒருமுறை உதவி கேட்டுப் பார்ப்பதில்லை. அந்த மாணவர்களே பின்னர் சென்னையிலும் கோவையிலும் நிறுவனங்களில் சேர்ந்து, பிறர் பயன்படுத்தும் கருவிகளை எழுதுகிறார்கள். தேர்வில் யாரும் கேட்காத ஒன்றை வேலையில் அவர்களாகவே செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது முறையல்ல.

ஆகவே, பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்வித் துறையும் கணினிச் செய்முறைத் தேர்வுகளுக்கான மதிப்பெண் பகிர்வைத் திருத்தும்போது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது நிரலின் பிழைச்செய்திக்கும் உதவிக்குறிப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய கருவிகளோ கூடுதல் நேரமோ தேவைப்படாது. தேர்வாளர், இல்லாத ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து நிரலை ஒருமுறை இயக்கச் சொல்லி, திரையில் வரும் வரியில் அந்தக் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

இங்ஙனம்,
கணினி ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
திருநெல்வேலி.